குப்பியோ: மலை ஏறிக்கொண்டே இருக்கும் ஊர்

நீங்கள் கேட்டது இது: அசிசிக்குப் போகிறீர்கள். பக்கத்தில் குப்பியோ என்று ஒரு மலைச்சரிவு ஊர் இருப்பதாகக் கேள்விப்பட்டீர்கள். புனித பிரான்சிஸ் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதையைத் தவிர அந்த ஊரைப் பற்றி வேறெதுவும் தெரியாது. அதன் வரலாறும் நில அமைப்பும் பண்பாடும் எப்படி, ஒரு நாள் ஒதுக்கலாமா?

முடிந்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை மே 15 அன்று. இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினேன்.

குப்பியோ நடு இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கிறது. பெருஜியாவிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 522 மீட்டர் உயரம். ஊருக்குப் பின்னால் இஞ்சீனோ மலை சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அந்த மலையின் கீழ்ச்சரிவில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள் படிக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. பெரிய தெருக்கள் சரிவின் குறுக்கே கிடையாகப் போகும். அவற்றை இணைக்கும் சந்துகள் நேராக மேலே ஏறும். கிடைத்தெருவில் நடந்தால் சுகம், சந்தில் திரும்பினால் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உங்களோடு வருவதானால் கவலை வேண்டாம், மேல்பகுதிக்குப் போகப் பொது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்த மலையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக இவர்கள் எதைச் செய்தாலும் மலையைப் பார்த்தபடிதான் செய்கிறார்கள். கும்பிட்டாலும் மலை, ஓடினாலும் மலை, விளக்குப் போட்டாலும் மலை.

மலையிலிருந்தே தொடங்குகிறேன். இஞ்சீனோவுக்கும் பக்கத்து ஃபோச்சே மலைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. பெயர் போத்தாச்சோனே. கமிஞானோ என்ற சிற்றாறு அதன் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. அந்த இடுக்கில் சாலையோரமாக நடந்தால் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை, அடுக்கி வைத்த புத்தகங்களைச் சாய்த்துவிட்டது போல வரிசை வரிசையாகச் சரிந்து நிற்கும். ஒரு காலத்தில் கடலடியில், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவான பாறை இது. பின்னால் அப்பென்னைன் மலைத்தொடர் எழுந்தபோது கடலடி மலையாகிவிட்டது.

அந்தப் பாறை வரிசையில் ஓர் இடத்தில், ஒரு விரல் தடிமன் அளவே உள்ள களிமண் அடுக்கு ஒன்று வரும். அதற்குக் கீழே உள்ள பாறையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெரிய ஓடுகள் தெரியும். மேலே உள்ள பாறையில் அவை சட்டென்று காணாமல் போய், மிகச் சிறியவை மட்டும் மிஞ்சியிருக்கும். 6.6 கோடி வருடத்துக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த தருணம் அந்த ஒரு விரல் அகலத்தில் இருக்கிறது.

வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1970-களில் இங்கே வந்தது வேறு வேலைக்காக. பூமியின் காந்தத் திசை காலந்தோறும் புரண்டதன் தடயங்களை இந்தப் பாறைகளில் படித்துக்கொண்டிருந்தார். களிமண் அடுக்கைப் பார்த்ததும், இது படிய எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்ற கேள்வி வந்தது. அவருடைய தந்தை லூயிஸ் அல்வாரெஸ் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். அவர் சொன்ன யோசனை இரிடியம். பூமியின் மேலோட்டில் இந்த உலோகம் மிக அரிது. விண்வெளித் தூசியோடு கொஞ்சம் கொஞ்சமாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். அடுக்கில் எவ்வளவு இரிடியம் என்று அளந்தால் அது படிய ஆன காலம் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்து பார்த்தார்கள். மேலும் கீழும் உள்ள பாறையில் இருப்பதைவிடச் சுமார் 30 மடங்கு இருந்தது. மெதுவாக விழுந்த தூசி அவ்வளவு தராது. சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று நால்வரும் 1980-இல் எழுதினார்கள். பத்து வருடம் கழித்துத்தான் மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்தில் மோதிய பள்ளம் அடையாளம் காணப்பட்டது. அதே காலகட்டத்தில் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவிக்கொண்டிருந்தது. அழிவில் அதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அந்த இடத்தில் களிமண்ணை ஆளாளுக்குத் தோண்டி எடுத்துப் போய், பாறைக்கு நடுவே ஒரு பள்ளக் கோடுதான் இருக்கிறது. நான் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை போனது. உள்ளே குளிர்ச்சியாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. தயவுசெய்து நீங்கள் எதையும் சுரண்டாதீர்கள். தொட்டுப் பார்த்தாலே போதும்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். ரோமர்களுக்கு முன்பு இங்கே இருந்தவர்கள் உம்ப்ரியர்கள். ஊரின் பெயர் அப்போது இகுவியம். 1444-இல் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஏழு வெண்கலத் தகடுகளை, 1456-இல் நகர ஆட்சி ஒருவரிடமிருந்து வாங்கியது. விலையாகக் கொடுத்தது பணம் இல்லை, மேய்ச்சல் உரிமை. கொஞ்சம் புல்லுக்கு ஈடாக, பண்டைய இத்தாலியின் மிக நீளமான சடங்கு நூல் அவர்கள் கைக்கு வந்தது.

தகடுகளின் மொழி உம்ப்ரியம். லத்தீனுக்குச் சகோதரி மொழி; மறைந்துபோய் நெடுங்காலம் ஆகிறது. இந்தத் தகடுகள் இல்லாவிட்டால் அந்த மொழியைப் பற்றி நமக்குச் சொற்பமே தெரிந்திருக்கும். பழைய பகுதிகள் உம்ப்ரிய எழுத்தில் வலமிருந்து இடமாகவும், பிந்தையவை லத்தீன் எழுத்திலும் உள்ளன. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து 1-ஆம் நூற்றாண்டு வரையிலான காலம். அத்தியேதியச் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழு மலையையும் ஊரையும் எப்படித் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதுதான் உள்ளடக்கம். முதலில் பறவைச் சகுனம் பார்க்க வேண்டும். பிறகு மூன்று வாசல்களிலும் பலி. திரெபுலா வாசலுக்கு முன்னால் யூபிதர் கிரபோவியனுக்கு மூன்று காளை, வாசலுக்குப் பின்னால் மூன்று சினைப் பன்றி என்று, எதை எங்கே எந்தத் தெய்வத்துக்கு என்பது வரை எழுதியிருக்கிறது. மன்றாட்டில் கேட்பது மலைக்கும் ஊருக்கும் நலம், மனிதருக்கும் கால்நடைக்கும் வயலுக்கும் விளைச்சலுக்கும் நலம். நடுவில் பிழை நேர்ந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அங்கே சொல்லப்படும் புனித மலை இந்த இஞ்சீனோதான் என்று பலரும் கருதுகிறார்கள்.

நகர மன்ற மாளிகையில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தத் தகடுகளைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள், வெளிச்சம் சாய்ந்து விழும்போது வெட்டிய எழுத்துகளின் விளிம்பு துல்லியமாகத் தெரியும்.

ரோமர் காலத்தில் ஊர் சமவெளிக்கும் பரவியது. கீழே புல்வெளியில் இருக்கும் ரோம நாடக அரங்கம் அந்தக் காலத்தது. சுமார் 6,000 பேர் உட்காரலாம். அதன் வளைவுகளுக்கு நடுவே நின்று நிமிர்ந்து பார்த்தால் முழு ஊரும் மலையோடு ஒட்டித் தெரியும். படம் எடுக்க இதுதான் சரியான இடம். ரோமப் பேரரசு தளர்ந்த பிறகு, பாதுகாப்புக்காக ஊர் மறுபடியும் சரிவில் ஏறிக்கொண்டது.

இடைக்கால குப்பியோவின் நாயகர் உபால்தோ பால்தாஸ்ஸினி. 1129-இல் இந்த ஊரின் ஆயரானார். 1151-இல் பதினொரு நகரங்கள் சேர்ந்து குப்பியோவை முற்றுகையிட்டபோது அவருடைய வேண்டுதலால்தான் ஊர் தப்பியது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. 1155-இல் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோஸ்ஸா படையோடு இந்தப் பக்கம் வந்தபோதும் அவரே நேரில் போய்ப் பேசி ஊரைக் காப்பாற்றினார். 1160 மே 16-இல் இறந்தார். 1192-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1194-இல் அவர் உடலை மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் இந்த மலையை “உபால்தோ தேர்ந்துகொண்ட குன்று” என்று குறிப்பிடுகிறார்.

முற்றுகையில் பிழைத்த ஊர் அடுத்த இரு நூற்றாண்டுகளில் செழித்தது. அந்தச் செழிப்பின் அடையாளம் பலாட்ஸோ தேய் கோன்சொலி என்ற நகர மன்ற மாளிகை. 1332-இல் தொடங்கி 1349 வாக்கில் முடித்தார்கள். சரிவில் பெரிய சதுக்கம் கட்ட இடம் ஏது? கீழே பிரம்மாண்டமான கல் வளைவுகளை எழுப்பி, அவற்றின் மேல் தளம் போட்டு, சதுக்கத்தையே அந்தரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கீழே வீட்டுக் கூரைகளும், அப்பால் நீண்ட சமவெளியும் தெரியும். ஊரின் நான்கு வட்டாரங்களும் சந்திக்கும் இடம் பார்த்து, எந்த வட்டாரத்துக்கும் தனிச் சொந்தமாகிவிடாமல் கட்டியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மேலே கோபுரத்தில் உள்ள பெரிய மணியை இன்றும் ஆட்களே, கையாலும் காலாலும் உந்தி அடிக்கிறார்கள்.

1384-இல் ஊர் உர்பினோவின் மோந்தெஃபெல்த்ரோ பிரபுக்கள் கைக்குப் போனது. அவர்களில் புகழ்பெற்ற ஃபெதெரிகோ 1422-இல் பிறந்தது குப்பியோவில்தான். இங்குள்ள அவருடைய அரண்மனையில் சிறிய படிப்பறை ஒன்றை முழுக்க மரப்பதிப்பு வேலையால் செய்திருந்தார்கள். பாதி திறந்த அலமாரி, உள்ளே புத்தகம், இசைக்கருவி என்று எல்லாமே தட்டையான சுவரில் வெவ்வேறு நிற மரத்துண்டுகளால் ஆன தோற்றம். அசல் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குப்பியோ அரண்மனையில் நீங்கள் பார்க்கப்போவது உள்ளூர்த் தச்சர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த நகல். அதையும் நான் மதிப்போடுதான் பார்த்தேன்.

16-ஆம் நூற்றாண்டின் பெயர் மேஸ்த்ரோ ஜோர்ஜோ அந்திரெயோலி. பீங்கான் பூச்சுள்ள மண்பாண்டத்தில் பொன்னிறமும் மாணிக்கச் சிவப்பும் மின்னச் செய்தவர். இரண்டு தடவை சுட்ட பாண்டத்தின் மேல் உலோகக் கலவையால் தீட்டி, காற்றைக் குறைத்துப் புகை மூட்டிய சூளையில் மூன்றாவது தடவை சுடுவது அந்த வித்தை. வேறு ஊர்க் குயவர்கள்கூடத் தங்கள் பாண்டங்களை மினுக்கேற்ற அவரிடம் அனுப்பினார்கள். பிறகு 17-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் ஆட்சி, 1860-இல் இத்தாலியோடு இணைப்பு.

நீங்கள் கேட்ட ஓநாய். பிரான்சிஸின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் 14-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் இது வருகிறது. ஆட்களையும் ஆடுமாடுகளையும் தின்ற ஓநாயைப் பிரான்சிஸ் “சகோதர ஓநாயே” என்று கூப்பிட்டார். அது இனி யாரையும் தாக்காது, ஊரார் அதற்குத் தினமும் சோறு போடுவார்கள் என்று உடன்படிக்கை. ஓநாய் தன் காலைத் தூக்கி அவர் கையில் வைத்துச் சத்தியம் செய்ததாம். அப்புறம் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வயதாகி இறந்ததாம். ஊரார் வருந்தினார்கள் என்று கதை முடிகிறது. பசிதான் அதைக் கொடியதாக்கியது என்று பிரான்சிஸ் சொல்வது கதையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். அது புதைக்கப்பட்டதாக நம்பும் இடத்தில் ஒரு சிறிய கோயில் இருக்கிறது, கொத்தனார்கள் சங்கத்தினுடையது. அந்தக் கோயிலை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இப்போது மே 15. உபால்தோ இறந்த நாளின் முந்தின நாள். இதைப் பார்க்காமல் குப்பியோவைத் தெரியும் என்று சொல்ல முடியாது. ‘சேரோ’ என்றால் மெழுகுவத்தி. பன்மையில் ‘சேரி’ என்பார்கள், தமிழில் குழப்பும் என்பதால் சேரோ என்றே எழுதுகிறேன். 14-ஆம் நூற்றாண்டு நகரச் சட்டங்களிலேயே புனிதருக்கு மெழுகுவத்தி காணிக்கை தருவது வருகிறது. அந்த மெழுகு காலப்போக்கில் மரமாகிவிட்டது. இன்று சேரோ என்பது இரண்டு எண்பட்டை மரக்கூடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திய, சுமார் நாலு மீட்டர் உயரத் தூண். எடை ஏறத்தாழ 280 கிலோ. உச்சியில் சிறிய புனிதர் சிலை. மூன்று சேரோ: கொத்தனார்களின் உபால்தோவுக்கு மஞ்சள் சட்டை, வணிகர்களின் ஜார்ஜுக்கு நீலம், உழவர்களின் வனத்து அந்தோணிக்குக் கறுப்பு. எல்லோருக்கும் வெள்ளைக் கால்சட்டை, கழுத்திலும் இடுப்பிலும் சிவப்புத் துணி.

விடியும் முன்பே முரசு கேட்கும். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், முன்பு சேரோ சுமந்து இறந்தவர்களுக்கு மரியாதை செய்துவிட்டு வருவார்கள். நண்பகலில் சதுக்கத்தில் தூக்கி நிறுத்துதல். படுத்திருக்கும் மூன்று சேரோவையும் சுற்றிக் கூட்டம் நெருக்கும். ஒவ்வொரு அணித் தலைவரும், சேரோவைப் பொருத்திச் சுமக்கும் மரத்தண்டின் மேல் ஏறி நின்று, பீங்கான் கூஜாவிலிருந்து சேரோவின் அடிப்பகுதிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு கூஜாவைக் கூட்டத்துக்குள் வீசுவார். அதே நொடியில் தூண் எழுந்து நேராக நிற்கும். கூஜா உடைந்த துண்டு கிடைத்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம். எனக்குப் பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் கட்டைவிரல் அளவு ஓட்டுத் துண்டைப் பொறுக்கி, கைக்குட்டையில் முடிந்து, பையில் வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். பிறகு மூன்று சேரோவும் சதுக்கத்தை மூன்று சுற்று ஓடிவரும்.

மாலை 6 மணிக்கு, ஆயர் ஆசி கொடுத்ததும், மலைக்கு ஓட்டம். நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், சுமார் 300 மீட்டர் ஏற்றம். ஓடிக்கொண்டே தோள் மாற்ற வேண்டும். நிற்கக் கூடாது. புதிதாக வருபவர் பக்கத்தில் ஓடிவந்து தண்டைப் பிடிக்க, பழையவர் நழுவி விலகுவார். அந்த மாற்றம் ஒரு நொடி பிசகினால் சேரோ சாயும், சில நேரம் விழும். விழுந்தால் நிமிர்த்தி மறுபடியும் ஓடுவார்கள். யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். எப்போதும் உபால்தோ முதலில், அடுத்து ஜார்ஜ், கடைசியில் அந்தோணி. முந்தவே முடியாத ஓட்டத்தில் எதற்கு இவ்வளவு வேகம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாயாமல், இடைவெளி விடாமல், நன்றாக ஓடினோமா என்பதுதான் பேச்சு. வருடம் முழுக்கக் காப்பிக் கடையில் அதையே அலசுவார்கள். உச்சியில் மட்டும் ஒரு சின்னப் போட்டி உண்டு. உபால்தோ அணி உள்ளே நுழைந்ததும், ஜார்ஜ் வருவதற்குள் பேராலய வளாகக் கதவைச் சாத்தப் பார்க்கும்.

பழைய தகடுகளின் சடங்குக்கும் இந்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். மூன்று வாசல், மூன்று பலி, மூன்று சேரோ, மூன்று சுற்று, அதே மலை. இடையில் ஆயிரம் வருடத்துக்குச் சான்று ஏதும் இல்லாததால் நான் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரே மலை ஒரே ஊரை இரண்டு தடவை தன் பக்கம் இழுத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உம்ப்ரியா மாநிலத்தின் கொடியில் இருப்பதும் இந்த மூன்று சேரோதான். இங்கிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸப் என்ற ஊரிலும் இந்த ஓட்டத்தைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. சிறுவர்களுக்கென்று ஜூன் 2-இல் சின்னச் சேரோ ஓட்டமும் உண்டு. தோள் மாற்றப் பழகுவது அங்கேதான்.

ரோம அரங்கத்துக்குப் போகிற நாளில், ஊரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நாற்பது தியாகிகளின் நினைவிடத்துக்கும் போய் வாருங்கள். 1944 ஜூனில் ஜெர்மன் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஜூன் 22 விடியலில் இந்த ஊரின் அப்பாவிகள் 40 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

போக வேண்டிய வழி: பக்கத்து ரயில் நிலையம் ஃபொஸ்ஸாதோ தி வீகோ, அங்கிருந்து பஸ். பெருஜியாவிலிருந்தும் பஸ் உண்டு. அசிசியிலிருந்து காரில் வந்தால் எளிது. சாப்பிட ‘கிரெஷா’ கேளுங்கள். தணலில் காய்ந்த தட்டுக்கல்லில் சுடும் தடித்த ரொட்டி, நடுவே பிளந்து கீரையோ பாலாடைக் கட்டியோ வைத்துத் தருவார்கள். டிசம்பரில் போனால் இன்னொன்று பார்க்கலாம். 1981 முதல் ஊர்த் தன்னார்வலர்கள் இஞ்சீனோ சரிவு முழுக்க விளக்குகள் பொருத்தி, சரிவோடு அளந்தால் 750 மீட்டர் நீளத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை வரைகிறார்கள். டிசம்பர் 7 மாலை ஏற்றுவார்கள். அடி கோட்டைச் சுவரில், நட்சத்திரம் மலையுச்சியில்.

எந்தப் பருவத்தில் போனாலும் மலைக்குப் போக ஒரு கம்பிவட ஊர்தி இருக்கிறது. நாற்காலி கிடையாது. இரண்டு பேர் நிற்கும் அளவுக்குப் பறவைக்கூண்டு போல ஒரு கம்பிக் கூடை. அது நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள்தான் ஓரடி ஓடி ஏற வேண்டும். சில நிமிடங்களில் கால்களுக்குக் கீழே ஊர் சுருங்கிவிடும். மேலே பேராலயத்தில் பீடத்துக்கு மேல் கண்ணாடிப் பேழையில் உபால்தோவின் உடல். பக்கத்தில் மூன்று சேரோவும் அடுத்த மே மாதத்துக்காக நிற்கும். அருகே போய்ப் பாருங்கள்.

சேரோ மூன்றும் அங்கேயே தங்கிவிடும். ஆனால் உச்சியில் இருந்த சிலைகள் தங்குவதில்லை. மே 15 இரவு, ஓடிக் களைத்தவர்களே அவற்றை எடுத்துக்கொண்டு, கையில் விளக்கோடு பாடிக்கொண்டு மெதுவாக இறங்கி வருவார்கள். சட்டை நனைந்திருக்கும், பலருக்குக் குரலே இருக்காது. ஓநாய் புதைந்ததாகச் சொல்லும் அந்தக் கொத்தனார் கோயிலில்தான் மூன்று சிலைகளையும் கொண்டுபோய் வைப்பார்கள்.